பத்து நிமிடக் கேள்வி

"உங்கள் றபீக்கா வீடுகளுக்குப் போகாமலே பதில் நிரப்புகிறார். வேலையிலிருந்து நிறுத்திவிடுங்கள்."

லண்டனிலிருந்து வந்த மின்னஞ்சலைப் படித்ததும் நதீராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இலங்கையில் சண்டை முடிந்த வருஷம் அது. சுனாமி அடித்த ஐந்து நாடுகளில், வாராவாரம் அதே வீடுகளில் ஒரே கேள்விகளைக் கேட்டுப் போனில் பதிந்து அனுப்பும் பெரிய மனநல ஆய்வு. கல்முனைப் பக்கப் பொறுப்பு நதீராவுடையது. அங்கே மருதமுனையில் வீடு வீடாகப் போய்க் கேட்பவள் றபீக்கா. இங்கே பட்டனை அமத்தினால் அடுத்த நிமிஷம் லண்டனில் தெரியும். அந்த நாளில் அதுவே எவ்வளவு பெரிய புதினம்! இப்போது நினைத்தாலும் அவளுக்கு இனிக்கிறது.

கடைசிக் கேள்வி இதுதான்: போன கிழமை யாராவது உங்களோடு பத்து நிமிடமாவது இருந்து கதைத்தார்களா?

மற்ற நாடுகளில் பாதிப்பேர் ‘இல்லை’. றபீக்காவின் மருதமுனை வீடுகளில் முதல் கிழமை மட்டும் நிறைய ‘இல்லை’. பிறகு எல்லாமே ‘ஆம்’. போதாததற்கு, மற்றவர்கள் ஒரு நாளில் பதினைந்து வீடு முடிக்க, இவள் ஆறே ஆறு.

பொய்யோடு சோம்பலுமா? கையும் களவுமாகப் பிடிக்க, அன்று றபீக்கா போயிருந்த சித்தி லைலா என்ற மூதாட்டியின் வீட்டு வேலியோரம் போய் நின்றாள் நதீரா.

உள்ளே போன் கைப்பைக்குள் கிடந்தது. றபீக்கா கதைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ட மகளுக்குச் சூரமீன் ஆணமெண்டா உசிரு மாமி. சட்டிய வழிச்சித் திண்ணுவாள்."

அரை மணி போனது. அதன் பிறகுதான் போன் வெளியே வந்தது.

"மாமி, போன கிழமை ஆராவது பத்து நிமிசம் இருந்து கதைச்சாங்களா?"

"ஓம் புள்ள."

நதீரா விறுவிறுவென்று உள்ளே போனாள். "றபீக்கா ராத்தா, கேள்விய மட்டும் கேளுங்க, வேற கதை வேணாமெண்டுதானே பழக்கினன்?"

றபீக்கா திடுக்கிட்டு எழுந்தாள். "முதல் கிழமை அப்பிடித்தான் மிஸ் கேட்டன். மாமி ‘இல்ல’ எண்டாங்க. அத அமத்திப்போட்டு எழும்பிப் போக மனம் வரல்ல. அதுக்குப் பொறகு எல்லா வீட்டிலயும் இருந்து கதைச்சிட்டுத்தான் கேக்கிறன்."

நதீராவின் கோபம் பாதி இறங்கிவிட்டது. "இருங்க மிஸ், தேத்தண்ணி போடுறன்" என்று தன் வீடுபோலக் குசினிக்குள் போனாள் றபீக்கா.

சித்தி லைலா நதீராவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவள நிப்பாட்டிராதீங்க மகள். புருசன், ரெண்டு புள்ள, எல்லாரையும் கடல் கொண்டுபோயிட்டு. வீட்டில தனியத்தான் கிடக்காள். எனக்கென்ன? மூணு மகள்மாரும் பக்கத்து வளவுதான், நாள் முழுக்கக் கதைதான். ‘இல்ல’ எண்டு சொன்னா இவள் கொஞ்சம் இருந்து கதைப்பாள் எண்டு நெனச்சன். இந்தத் தெருவில எல்லாரும் அப்பிடித்தான் சொன்னாங்க."

அன்று பின்னேரம் நதீரா லண்டனுக்குப் பதில் எழுதினாள்:

"நேரில் போய்ப் பார்த்தேன். றபீக்கா வேலையில் இருப்பார். ‘ஆம்’ எல்லாம் உண்மை. முதல் கிழமை வந்த ‘இல்லை’கள்தான் பொய்."