குடும்பத்தோடு ஒரு படகுச் சவாரி

"இந்தக் கயிறு தாங்குமா?" என்று கேட்டார் அப்பா, படகில் கால் வைப்பதற்கு முன்பே.

"போன மாசம் புயலையே தாங்குச்சு" என்றாள் படகுக்காரி, ஆங்கிலத்தில். வெயிலில் காய்ந்த முகம், அளந்து பேசும் வாய்.

அப்பா ஓய்வுபெற்ற தணிக்கை அதிகாரி. வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகள் வீட்டுக்கு மனைவியோடு வந்திருந்தார். வேலையிலிருந்துதான் ஓய்வே தவிர, தணிக்கைக்கு ஓய்வில்லை. அருங்காட்சியகப் பலகையில் எழுத்துப்பிழை, ரயிலில் இருக்கை குட்டை, மாப்பிள்ளை வண்டி நிறுத்துகிற லட்சணம் என்று போன இடமெல்லாம் குற்றப்பத்திரிகை. ஊர் திரும்புவதற்குள் ஒரு நாள் எல்லோரும் சேர்ந்து கடலில் சுற்றி வரலாம் என்று மகள்தான் இந்தப் பாய்மரப் படகை வாடகைக்குப் பேசியிருந்தாள்.

நால்வரும் ஏறி உட்கார்ந்தார்கள்.

"ஏங்க, பிரஷர் மாத்திரை போட்டீங்களா?" என்றாள் அம்மா.

"போட்டாச்சு."

"தண்ணி குடிச்சீங்களா? ஒரு வாய் குடிச்சிட்டு உட்காருங்களேன்."

"அப்பா, தொப்பியைக் கழட்டாதீங்க. கழுத்துல கிரீம் தடவலையே, திரும்புங்க" என்றாள் மகள்.

"மாமா, லேசா சிரிங்க. இன்னொண்ணு. பாய்மரம் தெரியற மாதிரி இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்றார் மாப்பிள்ளை, செல்போனை நீட்டியபடி.

அப்பா சிரித்தார். சிரித்து முடித்ததும் பையைத் துழாவினார்.

"என் கறுப்புக் கண்ணாடி எங்கே? கார்லயே விட்டுட்டு வந்துட்டியா? ஒரு வேலை உருப்படியா செய்யத் தெரியாதா உனக்கு?"

"நான் போய் எடுத்துட்டு வரேன்" என்று அம்மா எழுந்தாள். வழக்கமாகப் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்கிறவள், அன்று ஒன்றும் சொல்லவில்லை.

"மாப்ள, காரைப் பூட்டினீங்களா? எனக்கென்னமோ சந்தேகமாவே இருக்கு."

"எனக்கும் சந்தேகமாத்தான் இருக்கு மாமா" என்று மாப்பிள்ளையும் எழுந்தார்.

"நீ என்னம்மா உட்கார்ந்திருக்கே? படியெல்லாம் பாசி. அம்மா கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போ."

மகள் அதற்குள் பாதிப் படி ஏறியிருந்தாள்.

மூவரும் கார் நிறுத்துமிடம் வரை போய்த் திரும்பிப் பார்த்தபோது, படகு துறையை விட்டு நகர்ந்துகொண்டிருந்தது. அப்பா இரண்டு கைகளையும் வீசி ஏதோ கத்தினார். காற்று அதைக் கரைக்குக் கொண்டுவரவில்லை. இவர்களும் பதறியடித்து ஓடுவதுபோல் கொஞ்ச தூரம் ஓடி, கையை ஆட்டினார்கள். பாய் விரிந்தது. படகு அலைதடுப்புச் சுவரைத் தாண்டி மறைந்தது.

"போயிட்டாரா?" என்றாள் அம்மா, கண்ணை மூடிக்கொண்டு.

"போயிட்டார்!" என்றாள் மகள்.

முந்தின நாளே அவள் படகுக்காரியிடம் போனில் சொல்லிவைத்திருந்தாள். 'ஏதாவது சாக்குச் சொல்லி நாங்க மூணு பேரும் இறங்கிடுவோம். அப்பாவை மட்டும் கூட்டிட்டுப் போயிடுங்க. சாயங்காலம் கொண்டுவந்து விட்டாப் போதும்.' அந்தச் சாக்கைக் கண்டுபிடிக்கிற சிரமத்தைக்கூட அப்பா அவர்களுக்கு வைக்கவில்லை.

அன்றைக்குத்தான் அவர்களுக்குச் சுற்றுலா. அம்மா ஒரு செருப்புக் கடைக்குள் நுழைந்து ஒவ்வொரு ஜோடியாகப் போட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றும் வாங்காமல் வெளியே வந்தாள். ஏன், எதற்கு என்று கேட்க ஆளில்லை. மாப்பிள்ளை காரை வேண்டுமென்றே கோணலாக நிறுத்திவிட்டு, அதைப் படம் வேறு எடுத்துக்கொண்டார். பூங்காப் புல்தரையில் கால்நீட்டி உட்கார்ந்து, ஐஸ்கிரீம் உருகி முழங்கை வரை வழிய, அம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்தில் இருந்தவர்களும் சேர்ந்து சிரித்தார்கள்.

வெயில் தணியத் தணிய அந்தச் சிரிப்பும் தணிந்தது.

"பாவம்டி அவர். குறை சொல்லக்கூடப் பக்கத்துல ஆள் இல்லாம என்ன பண்றாரோ" என்றாள் அம்மா.

மகள் மணியைப் பார்த்தாள். "தப்புப் பண்ணிட்டோமாம்மா?"

படகு திரும்பும் முன்பே மூவரும் துறையில் போய் நின்றார்கள். அப்பா இறங்கினார். தொப்பியைக் காணோம். முகம் வெயிலில் சிவந்திருந்தது.

"நல்லா இருக்கு நியாயம்! ஒரு வயசான மனுஷனை நடுக்கடலுக்குத் தனியா அனுப்பிட்டு மூணு பேரும் இங்கே நின்னு வேடிக்கை பார்த்தீங்க இல்ல? என்ன ஏதுன்னு கேட்க ஒரு நாதியில்லை எனக்கு!"

அம்மா அழுதேவிட்டாள். "என்னை மன்னிச்சிடுங்க. இனிமே ஒரு நிமிஷம்கூட உங்களைத் தனியா விடமாட்டேன்."

"சரி, சரி. அதுக்காக அவ்வளவு தூரமெல்லாம் வேண்டாம்" என்று அவசரமாகச் சொல்லிவிட்டு, அப்பா காரை நோக்கி நடந்தார். அம்மாவும் மாப்பிள்ளையும் பின்னாலேயே ஓடினார்கள்.

மகள் மட்டும் கயிறு கட்டிக்கொண்டிருந்த படகுக்காரியிடம் போனாள். "நாங்க செஞ்சது பெரிய பாவம். என் பேச்சைக் கேட்டு நீங்களும் அதுல பங்காளி ஆயிட்டீங்க."

"நீ சொல்லியா செஞ்சேன்?" என்று நிமிர்ந்து பார்த்தாள் படகுக்காரி. "உனக்கு முன்னாடியே உங்க அப்பா எனக்கு போன் பண்ணிட்டாரே! 'அவங்களை ஏதாவது சொல்லிக் கரைக்கு அனுப்பிடறேன், திரும்பி வர்றதுக்குள்ள கயித்தை அவிழ்த்துடுங்க'ன்னு."