பார்க்க வேண்டாத வரி

திரையில் சிவப்பாக ஒரு வரி வந்து நின்றது.

'இங்கே குழந்தை இல்லாமலும் இருக்கலாம்.'

அவள் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள். நிரலைச் சரிபார்க்கும் செக்கர் சொன்னது என்னவோ ஆங்கிலத்தில்தான். அவளுக்குத் தமிழில் கேட்டது.

பக்கத்து இருக்கை ரெஜினா எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, அந்த ஃபைலை நான் பாத்துக்கட்டுங்களா?"

"வேண்டாம். நான் எழுதுனது. நானே பாக்குறேன்."

பிரசவ ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் எழுதித் தரும் சின்ன கம்பெனி அது. அவர்கள் நிரல் எழுதும் பைத்தான் மொழி தாராள மனசுக்காரி. எதைக் கொடுத்தாலும் சரி சரி என்று வாங்கி வைத்துக்கொண்டு, ஓடும்போது காலை வாரிவிடுவாள். அதற்காகத்தான் டைப் செக்கர். ஓடவிடும் முன்பே ஒவ்வொரு வரியாகப் படித்து, இது இல்லாமல் போனால் என்ன செய்வாய், அது இல்லாமல் போனால் என்ன செய்வாய் என்று நச்சரிக்கும்.

அதன் வாயை அடைக்கவும் வழி உண்டு. வரியின் ஓரத்தில் 'இதைப் பார்க்காதே' என்று ஒரு குறிப்பு போட்டால் பேசாமல் போய்விடும்.

இன்று காலை அந்தக் குறிப்புகளையெல்லாம் மொத்தமாக நீக்கிவிட்டார்கள். அவள் போட்டதும் போய்விட்டது. அதன் பக்கத்தில் விளையாட்டாக எழுதி வைத்தது மட்டும் அப்படியே இருந்தது.

'குழந்தை இல்லாமல் பிரசவமா? போ, போ!'

அதை எழுதியபோது வயிற்றில் உதைத்துக்கொண்டிருந்தது.

பிரசவம் முடிந்ததும் நர்ஸ் ஒரு பொத்தானை அழுத்துவார். வெளியே இருக்கும் கணவனின் போனுக்குச் செய்தி போகும். 'தாயும் சேயும் நலம்.' கூடவே குழந்தையின் எடை. அவள் எழுதியது அவ்வளவுதான். சோதனை எண்ணாகத் தன் கணவன் நம்பரைப் போட்டிருந்தாள். ஓட்டிப் பார்க்கும்போதெல்லாம் செய்தி அவனுக்குப் போகும். உடனே கூப்பிடுவான்.

"எத்தன வாட்டி பொறக்கும் நம்ம கொழந்த?"

இந்த மென்பொருள் இருக்கும் ஆஸ்பத்திரிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததும் அவன்தான். நிஜமான செய்தி அவள் கையால் எழுதியதாக வரவேண்டுமாம்.

அவள் பிரசவத்தன்றும் நர்ஸ் பொத்தானை அழுத்தினார். நிரல் குழந்தையின் எடையைத் தேடியது. குழந்தை உயிரோடு பிறக்கவில்லை; பதிவில் குழந்தையே இல்லை. நிரல் அந்த வரியில் விழுந்தது, எழுந்திருக்கவில்லை.

செய்தி போயிருக்கும் என்று உள்ளே இருந்தவர்கள் நினைத்தார்கள்.

அவன் வெளியே பெஞ்சில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் உள்ளே கதவைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். அவன் வரவில்லை. தெரிந்தும் வரவில்லை என்று நினைத்தாள். அப்படி நினைத்துக்கொண்டே குழந்தையை அவர்கள் கையில் திருப்பிக் கொடுத்தாள். அவன் குழந்தையின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

லிஃப்ட் பக்கம் யாரோ பேசிக்கொண்டதில்தான் அவனுக்கு விஷயம் தெரிந்தது.

அவன் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. ஒரே ஒரு முறை இதை மட்டும் சொன்னான். "மெசேஜ் வரும்னு பாத்துட்டே இருந்தேன்." சண்டை எதுவும் இல்லை. பேச்சும் இல்லை. பொங்கலுக்கு ஈரோட்டுக்குப் போனவன் திரும்பி வரவில்லை.

சிவப்பு வரி காத்திருந்தது. குழந்தை இல்லையென்றால் என்ன அனுப்புவது?

'தாய் நலம்' என்று அடித்தாள்.

சிவப்பு போய்விட்டது. செக்கருக்கு அது போதும். அங்கே எழுத்து இருக்கிறதா என்று மட்டும்தான் அது பார்க்கும். எழுதியது உண்மையா என்று அது கேட்பதில்லை.

அவளுக்கு அழுகை வந்தது. அழுதாள். ரெஜினா தன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அந்த இரண்டு வார்த்தையையும் அழித்தாள். வேறு அடித்தாள்.

'உள்ளே வாருங்கள். உங்கள் மனைவி உங்களைத் தேடிக்கொண்டிருக்கிறார்.'

பிழை ஏதுமில்லை.

இனி ஓட்டிப் பார்க்க வேண்டும். சோதனை எண்ணில் அவன் நம்பர் அப்படியே இருந்தது. மாற்ற வேண்டுமென்றால் ஒரு நிமிட வேலை.

அவள் மாற்றவில்லை. ஓட்டினாள்.

கவிழ்த்து வைத்திருந்த போனைத் திருப்பி, திரை தெரிகிறாற்போல் வைத்துக்கொண்டாள்.