கைராசிக்கு வைத்த சோதனை

"உங்க கைராசி டாக்டர்" என்று யாராவது சொன்னால் பூங்கோதைக்குப் பற்றிக்கொண்டு வரும். தூக்கம் வராதவர்களுக்கு அக்குபஞ்சர் ஊசி குத்துகிறவள் அவள். பெருமையெல்லாம் ஊசிக்குத்தான் என்பது அவள் கட்சி.

அதனால்தான் ஊசியைச் சோதிக்க ஒரு ஆய்வு நடந்தபோது, விரலுக்கு எதுவும் உணராத தடித்த கையுறையை அவளே கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாள். அவளிடம் வந்தவர்களில் பாதிப் பேருக்கு நிஜ ஊசி, மீதிப் பேருக்குக் குத்தாத பொய் ஊசி. ஊசி உடம்பில் இறங்கியதா, ஊசிக்குழலுக்குள்ளேயே மடங்கியதா என்று குத்துகிறவளுக்கும் தெரியாது, குத்திக்கொள்கிறவருக்கும் தெரியாது. மரியாதைக்காக "நல்லாத் தூங்கினேன்" என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. தூக்கத்தை அளக்கும் கருவி வைத்த தலையணையே உண்மையைச் சொல்லிவிடும். இன்னொரு கூட்டத்துக்கு இயந்திரம் நிஜ ஊசியைக் குத்தியது.

முடிவோடு வந்த ஆய்வாளர் மணவாளன் தலையைத் தொங்கப்போட்டிருந்தார்.

"தோத்துட்டோம் மேடம். நிஜ ஊசியும் பொய் ஊசியும் ஒண்ணுதான்."

"அப்ப யாருமே தூங்கலையா?"

"நீங்க குத்தினவங்க எல்லாரும் அடிச்சுப்போட்ட மாதிரி தூங்கியிருக்காங்க. மெஷின் குத்தினவங்களுக்குத்தான் பொட்டுத் தூக்கம் இல்ல."

பூங்கோதை தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அவள் சிரித்த சிரிப்பில், வெளியே காத்திருந்தவர்கள் எழுந்தே நின்றுவிட்டார்கள். முதல் ஆளை உள்ளே கூப்பிட்டாள்.

"ஊசி எங்க டாக்டர்?"

"அது தோத்துப்போச்சு. கையக் குடுங்க."

கொடுத்தவர் அடுத்த கேள்வி கேட்பதற்குள் குறட்டை விட்டார். மணவாளன் மெதுவாகத் தன் கையையும் நீட்டினார்.