தடுப்புக்குப் பின்னால் விழுந்த எண்

ராட்சசனின் தண்டாயுதம் கொற்றியின் தலைமேல் இறங்கியது. இரண்டு வருடமாக இந்த மேசைமேல் நடக்கும் கதை விளையாட்டில் சுகந்திதான் கொற்றி. ஆட்டத்தை நடத்தும் டெரிக், அட்டைத் தடுப்புக்குப் பின்னால் இருபது முகப் பகடையை உருட்டிப் பார்த்துவிட்டு, "மயிரிழைல தப்பிச்சிட்டா" என்றான், வரம் கொடுத்தவன்போல. போன வாரம், கூட ஆடும் முகிலனின் வீரனை ஈவிரக்கமில்லாமல் கொன்றவனும் இவன்தான்.

"என்ன விழுந்துச்சு?"

"விடு சுகி. அவ செத்தா நீ அழுவ."

முகிலன் சிரித்தான். சுகந்தி தடுப்பைத் தூக்கினாள். பகடையில் இருபது, யாராக இருந்தாலும் சாக வேண்டிய எண்.

வில்லேந்தி நின்ற கொற்றியின் பொம்மையை ராட்சசனின் காலடியில் மல்லாத்தினாள்.

"உன் பிச்சைய நீயே வச்சுக்கோடா. இப்ப சொல்லு, எப்படிச் செத்தா? மென்னு முழுங்காம சொல்லு."