அண்ணாந்து பார்த்தவர்

படத்தைக் காணோம்.

உள்ளே கொண்டுவந்தாகிவிட்டது என்கிறது வரைபட மென்பொருளான ஆட்டோகேட். திரையில் புதுச் சாலையின் சிவப்புக் கோடு மட்டும் அந்தரத்தில் ஓடுகிறது. மற்ற ட்ரோன் படங்களெல்லாம் அதனடியில் சமர்த்தாக வந்து உட்கார்ந்துவிட்டன. இது ஒன்றுதான் மக்கர் செய்கிறது.

அவள் திரையைச் சுருக்கினாள். இன்னும் சுருக்கினாள். சாலை நூலானது. நூல் புள்ளியானது.

வெகு தொலைவில், பூஜ்யத்தில் கிடந்தது படம். இடம் தெரியாததெல்லாம் போய் விழுகிற மூலை அது.

“இந்தப் படத்துக்குப் பேர் மாத்தினியா?”

பக்கத்து இருக்கைத் தனசீலன் டிபன் டப்பாவோடு கிளம்பிக்கொண்டிருந்தான்.

“ஆமாக்கா. வெறும் நம்பரா இருந்துச்சு. அழகா இருக்கட்டுமேன்னு ஊர்ப் பேரை வச்சேன்.”

அழகாகத்தான் இருந்தது.

ட்ரோன் எடுத்த ஒவ்வொரு படத்தோடும் ஒரு குட்டி ஃபைல் வரும். படம் பூமியில் எங்கே உட்கார வேண்டும் என்பது அதில்தான் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே பெயர் இருக்க வேண்டும். படத்தின் பெயரை மட்டும் மாற்றினால் தீர்ந்தது கதை. தான் எந்த ஊர் என்பதே அதற்கு மறந்துவிடும்.

அவனைத் திட்ட அவளுக்கு வாய் வரவில்லை. இந்த அலுவலகத்தில் அவள் எஸ்தர். பிறந்தபோது கோகிலவாணி. ஒருவனைக் கட்டிக்கொள்வதற்காக மாற்றிக்கொண்ட பெயர். அவன் போய்விட்டான், பெயர் போகவில்லை. ஆதாரிலும் சம்பளச் சீட்டிலும் சட்டமாக உட்கார்ந்திருக்கிறது.

படத்துக்குப் பழைய எண்ணையே வைத்தாள். மறுபடி கொண்டுவந்தாள்.

இந்த முறை ஓடிவந்து உட்கார்ந்தது.

காங்கேயத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர். அவள் ஊர்.

இந்தப் பகுதியை வரைகிறேன் என்று அவளேதான் கேட்டு வாங்கினாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. சென்னையில் அவளிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் குரலைக் கேட்பவர் காய்கறி வண்டிக்காரர் ஒருவர்தான்.

எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். கீழே சிரிப்புச் சத்தம். அவளைக் கூப்பிடுவதை அவர்கள் எப்போதோ விட்டுவிட்டார்கள். அவள்தான் விட வைத்தாள்.

வேலை சுலபம். சாலையின் அகலத்துக்குள் சிக்குகிற கட்டடங்களைச் சுற்றிக் கோடு போட வேண்டும். உள்ளே நிறம் நிரப்ப வேண்டும். நிறம் விழுந்த வீடு போய்விடும்.

பெரிதாக்கினாள்.

அவள் பிறந்த வீடு. மாட்டுக் கொட்டகையின் தகரம். மொட்டை மாடியில் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி. கொடியில் ஒரு வேட்டி, ஒரு துண்டு.

சாலையின் ஓரக்கோடு சமையலறையையும் தாண்டிப் போயிருந்தது. முழு வீடும் போகிறது.

படத்தைப் பிடித்துக் கொஞ்சம் நகர்த்திப் பார்த்தாள். வீடு தப்பித்தது. திரையில்தான். பூமியில் அது இருந்த இடத்திலேயேதான் இருக்கும். நகர்த்தியதை ரத்து செய்தாள்.

மேலிருந்து பார்க்கும்போது மனிதர்களுக்கு முகம் கிடையாது. உச்சந்தலையும் நிழலும்தான். குழாயடியில் நின்ற பெண்கள், ஆடு ஓட்டிப் போனவர், எல்லோரும் அப்படித்தான்.

வாசலில் நின்றவர் மட்டும் அண்ணாந்து பார்த்திருந்தார்.

முகத்தைப் பெரிதாக்கினாள். சதுரம் சதுரமாக உடைந்தது. சற்றுக் குறைத்தாள்.

அப்பா.

அம்மா அவளுடைய சிறுவயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். இவளும் கிளம்பிய பிறகு அவர் ஒற்றை ஆள். கிளம்பிய அன்று அவர் பேசியது ஒரே வார்த்தைதான். “இனி இந்த வாசப்படி மிதிக்காத.” அவளும் ரோஷக்காரி. மிதிக்கவில்லை. கட்டியவன் விட்டுப்போன பிறகும் மிதிக்கவில்லை. எந்த முகத்தோடு போவது?

இனி மிதிப்பதற்குப் படியே இருக்காது.

வீட்டைச் சுற்றிக் கோடு போட்டாள். நிறம் நிரப்பக் கை எழவில்லை. அழுகை வந்தது. யாரும் இல்லை என்பதால் அழுதாள்.

திங்கட்கிழமை வரைபடம் சாலைத் துறைக்குப் போய்விடும். பின்னாலேயே அவருக்கு நோட்டீஸ் போகும். அதற்குள், வீடு வீடாக இருக்கும்போதே, வா என்று அவர் ஒரு முறை சொல்ல வேண்டும். சொல்வாரா என்றாவது தெரிய வேண்டும்.

அவர் நம்பர் மாறியிருக்காது. எதையும் மாற்றிக்கொள்கிற ஆள் இல்லை அவர்.

உடனே எடுத்துவிட்டார்.

“அலோ.”

எத்தனை வருடத்துக் குரல்.

“ஏனுங்க, ரோட்டாபீசுங்களா? அளந்துட்டுப் போனவங்க, போன் வரும்னு சொன்னாங்க.”

ஆமாம் என்றால் அது பொய்யில்லை.

“ஆமாங்க” என்றாள். குரலைக் கனமாக்கிக்கொண்டாள். அதற்கு மேல் என்ன பேசுவதென்று தெரியவில்லை. வீடு வீடாகக் கணக்கெடுப்பவர்கள் கேட்கிற கேள்விதான் வாயில் வந்தது.

“வீட்டுல எத்தனை பேர் இருக்கீங்க?”

அந்தப் பக்கம் மாடு ஒன்று கத்தியது. வைத்துவிட்டாரோ என்று பார்த்தாள். வைக்கவில்லை.

“ரெண்டு பேருங்க” என்றார். “நானும் என்ற புள்ளையும்.”

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“புள்ள இப்ப வெளிய போயிருக்குதுங்க” என்றார் அப்பா. “வந்துரும்.”