முப்பது நாள் சராசரி

"என்னக் கொல்லத்தான் பாத்தீங்க, டொக்டர்!"

றஊப் ஹாஜியார் தன் உறுப்பினர் அட்டையை மேசையில் வீசினார். அது வழுக்கிக்கொண்டு போய் டொக்டர் கனகரெத்தினத்தின் ஸ்டெதஸ்கோப்பில் முட்டி நின்றது. பக்கத்துக் கதிரையில் இருந்த அவர் மனைவி சபூறா, கைப்பைக்குள்ளிருந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்துத் திறந்தாள்.

"முதல்ல இருங்க ஹாஜியார். நேத்து என்ன நடந்தது?"

"கடை நிறையச் சனம். சாரி மடிச்சிக்கிட்டு நிண்டவன் அப்பிடியே விழுந்திட்டன். உடம்பெல்லாம் குளிர் வேர்வை. கெஷியர் சீனியக் கரைச்சு வாயில ஊத்தாட்டி இண்டைக்கு நான் மௌத்து!"

"சீனி நல்லாக் குறைஞ்சிருக்கு."

"குறையாம? ஒரு மருந்துக் குளிசைய ரெண்டாக்கினது ஆரு?"

நேரமில்லாதவர்களுக்காக டொக்டர் தொடங்கிய ஏற்பாடுதான் அந்த அட்டை. யுத்தம் முடிந்த அடுத்த வருடம் அது. பாதைகள் திறந்து, கல்முனைத் துணி யாழ்ப்பாணம் வரை போய்க்கொண்டிருந்தது. சுனாமி கொண்டுபோன கடையை மறுபடி எழுப்பிய ஹாஜியாருக்கு மூச்சுவிடவும் நேரமில்லை.

வருடச் சந்தா கட்டியவர் கிளினிக் வாசலில் காத்திருக்கத் தேவையில்லை. விரலில் குத்திச் சீனி பார்க்கும் மெஷின் அவர் வீட்டுக்கே வரும். கெட்டிக்காரச் சாமான் அது. ஒவ்வொரு துளி ரத்தத்தின் சீனி அளவையும் திகதி, நேரத்தோடு நினைவில் வைத்துக்கொள்ளும். ஒரு பொத்தானை அழுத்தினால் முப்பது நாளின் சராசரியையும் கூட்டிப் பிரித்துச் சொல்லிவிடும்.

மாத முடிவில் நேர்ஸ் தர்சினி வீடு வீடாகப் போய் அந்தச் சராசரியை மட்டும் குறித்துவருவாள். அதைப் பார்த்து டொக்டர் தொலைபேசியிலேயே மருந்தைக் கூட்டுவார், குறைப்பார். ஆளைப் பார்க்க வேண்டியதே இல்லை.

ஓர் அட்டைக்கு ஓர் ஆள்தான். தன் பெயருக்கும் ஒன்று எடுக்கும்படி சபூறா கேட்டபோது ஹாஜியார் சிரித்தார். "உனக்குத்தான் நேரம் கிடக்கே. ஆஸ்பத்திரி லைன்ல போய் நில்லு."

டொக்டர் கொப்பியைப் புரட்டினார். "முந்தின மாசம் உங்கட சராசரி நூத்திப் பதினஞ்சு. போன மாசம் இருநூத்திப் பன்னெண்டு. நான் வேற என்ன செய்யிறது? நீங்க கடையில இருந்து களவா வட்டிலப்பம் சாப்பிட்டா..."

"வல்லாஹி, வாயில வெக்கல்ல! சபூறா, நீ சொல்லு."

"இவர் சாப்பிடல்ல டொக்டர். தேத்தண்ணிக்கும் சீனி போடுறல்ல." சபூறா போத்தலில் மிஞ்சியிருந்ததையும் குடித்து முடித்தாள். "இன்னும் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

டொக்டர் மணியை அடித்துத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

"பாருங்க, பயத்தில இவக்குத் தொண்டை காயுது." ஹாஜியாரின் குரல் உடைந்தது. "சுனாமியில என்ட மகள்ர காயத்துக்கு மருந்து கட்டினது நீங்க. அந்த நம்பிக்கையிலதான் ஏன், எதுக்கு எண்டு கேக்காம முழுங்கின. நம்பினவனுக்கு இதா செய்யிற?"

டொக்டர் கொப்பியை மூடினார். ஹாஜியார் கொண்டுவந்திருந்த மெஷினை எடுத்தார். இதுவரை செய்யாத ஒன்றை இப்போதுதான் செய்தார். சராசரியை விட்டுவிட்டு, நினைவில் இருந்த அளவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"போன மாசம் ஆறாந் திகதி. காலம அஞ்சே முக்கால், நூத்திப் பன்னெண்டு. அண்டைக்கே பதினொரு மணி, முந்நூத்தி எட்டு." மீண்டும் அழுத்தினார். "ஏழாந் திகதி. காலம நூத்திப் பத்து. பதினொரு மணி, முந்நூத்திப் பதினாறு. எட்டாந் திகதியும் இப்பிடித்தான்."

"பதினொரு மணியா?" ஹாஜியார் நிமிர்ந்தார். "சுபஹுத் தொழுதிட்டு வந்து ஒருக்காக் குத்துவன். அதோட சரி. எட்டு மணிக்கெல்லாம் நான் கடையில. மெஷின் ஊட்ட இரிக்கும்."

"அப்ப இந்த ரெண்டாவது கணக்கு எப்பிடி வந்தது?"

"என்னட்டயா கேக்கிறீங்க?"

அந்த நேரம் தர்சினி தண்ணீர்க் கிளாசோடு உள்ளே வந்தாள். ஹாஜியாரின் விரல் அவள் பக்கம் திரும்பியது.

"இவதான்! மாசா மாசம் ஊட்டுக்கு வந்து மெஷினக் கையில எடுக்கிறது இவதான். உள்ளுக்குக் கணக்கக் குழப்பி வெச்சிரிக்கா. குளிசை கூட விக்கிறதுக்கு ஆளும் பேருமாச் சேந்து செய்யிற சூழ்ச்சி!"

"ஐயோ ஹாஜியார், நான் அந்த ஒரு பொத்தானத் தவிர வேறொண்டையும் தொடுறதில்ல..." தர்சினி ஓர் அடி பின்வாங்கினாள்.

"பொய்! டொக்டர், இவவ இண்டைக்கே வேலையால நிப்பாட்டுங்க. இல்லாட்டி நான் நேரா பொலிசுக்குப் போவன்."

டொக்டர் மெஷினையும் தர்சினியையும் மாறி மாறிப் பார்த்தார். "தர்சினி, உண்மையச் சொல்லு..."

தர்சினியின் கண்கள் நிறைந்துவிட்டன. சபூறா எழுந்து, அவள் கையிலிருந்த கிளாசை வாங்கிக்கொண்டாள்.

"அந்தப் புள்ளையில பழி போடாதீங்க. பதினொரு மணிக்கு எடுக்கிற ரத்தம் என்ட."