தபால்காரருக்குக் கோப்பை

"அந்தக் காலத்துல ஒருத்தன் ஒரு மேட்ச்கூடத் தவறாம பன்னிரண்டு வருஷம் ஆடினானே, நம்ம அமெரிக்கன் ஃபுட்பால்ல அதை மிஞ்சின சாதனை ஏதுடா?" என்றான் வெண்டல்.

லானிக்குச் சுருக்கென்றது. "தவறாம வர்றதெல்லாம் சாதனையா? அப்ப எங்க தெரு தபால்காரருக்குத்தான் கோப்பை கொடுக்கணும். பந்தோட எல்லைக்கோட்டைத் தாண்டி அதிக டச்டவுன் போட்டவன்தான்டா பெரிய ஆள்!"

"முந்நூறு பவுண்டு தடியனுங்க வாராவாரம் மேல விழுந்தும் எழுந்து வந்தான்டா அவன். உங்க தபால்காரரை நாய்தானே துரத்துது?"

லானி வாயைத் திறப்பதற்குள், இடைவேளை முடிந்ததென்று நடுவரின் விசில் கேட்டது. வெண்டல் புல்லில் மண்டியிட்டு, வந்த பந்தைப் பிடித்து, லானி உதைப்பதற்காகத் தரையில் நிறுத்தினான். ஆட்டம் முடிய இரண்டே நொடி. உதைக்கப்போகிற லானிக்குக் கால் நடுங்கட்டும் என்றுதான் எதிரணி அந்த இடைவேளையைக் கேட்டிருந்தது. நடுங்க அவனை வெண்டல் எங்கே விட்டான்?

கோபத்தையெல்லாம் லானி பந்தில் காட்டினான். அது கோல் கம்பங்களுக்கு நடுவே பறந்தது. தோற்கவிருந்த அவர்களுடைய பஃபலோ அணி ஜெயித்தது!

தூக்கியவர்களின் தோளில் இருந்தபடியே லானி கத்தினான்: "டேய் வெண்டல், எங்க தபால்காரரை ரெண்டு நாய் துரத்துதுடா!"